பொதுச்சாவியின் கதை: முதலில் கண்டவர்களும் முதலில் சொன்னவர்களும்

கணினிப் பாதுகாப்பை மேற்படிப்பாகப் படிப்பவர்கள் யாரும் பொதுச்சாவிக் குறியாக்கத்தைத் தாண்டிப் போக முடியாது. அதன் சூத்திரங்கள் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கின்றன. அது பிறந்த கதையை இங்கே பார்ப்போம்.

பழைய முறைகளில் செய்தியைப் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவிதான். அந்தச் சாவியை எதிர்முனையில் இருப்பவரிடம் யார் கண்ணிலும் படாமல் சேர்ப்பது எப்படி? அரசாங்கங்கள் நம்பிக்கையான ஆட்களிடம் கொடுத்தனுப்பின. முன்பின் தெரியாத இருவருக்கு அந்த வழி கிடையாது.

பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜி.சி.எச்.கியூவில் வேலை பார்த்த ஜேம்ஸ் எல்லிஸ் 1970-ல் ஒரு யோசனை சொன்னார். பூட்டும் சாவி வேறு, திறக்கும் சாவி வேறு என்று ஆக்கிவிட்டால், பூட்டும் சாவியை ஊருக்கே கொடுத்துவிடலாம் அல்லவா? ஆனால் அதற்கான கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. 1973-ல் அங்கே புதிதாகச் சேர்ந்த கிளிஃபோர்ட் காக்ஸ் அதைக் கண்டுபிடித்தார். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்குத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த எண்களைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இந்த அருமையான கண்டுபிடிப்பு ரகசியக் கோப்புக்குள் போய்விட்டது.

இது எதுவும் தெரியாமலே அமெரிக்காவில் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-ல் இதே யோசனையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1977-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் காக்ஸ் கண்ட அதே வழியைத் தாங்களாகவே கண்டார்கள். அதுதான் ஆர்.எஸ்.ஏ.

வெளியே சொல்வதும் சுலபமாக இருக்கவில்லை. அதே ஆண்டு தேசியப் பாதுகாப்பு முகமையின் ஊழியர் ஒருவர், இத்தகைய ஆய்வுகளை வெளியிடுவது ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறுவதாகலாம் என்று பொறியாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். மாணவர்களுக்குச் சிக்கல் வரக்கூடாது என்று அவர்களுடைய கட்டுரைகளை ஹெல்மன் தாமே மேடையேறிப் படித்தார்.

வெளியே வந்ததால்தான் சோதனையும் நடந்தது. 1977-ல் 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக வைத்து, உடைப்பவர்களுக்கு 100 டாலர் பரிசு அறிவித்தார்கள். கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்று சொல்லப்பட்ட அந்த எண்ணை, 1994-ல் சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியே சேர்ந்து உடைத்துவிட்டார்கள். இன்னும் பெரிய எண்கள் தேவை என்பது ஊரறிய நிரூபணமானது.

பிரிட்டன் தன் ரகசியத்தை வெளியிட்டது 1997 டிசம்பரில். எல்லிஸ் அதற்கு முந்தைய மாதம்தான் இறந்திருந்தார். தன் பெயர் வெளியே வந்ததை அவர் பார்க்கவில்லை.

முதலில் கண்டவர்கள் பிரிட்டிஷார்தான், சந்தேகமில்லை. ஆனால் இணைய வணிகம் வளர்ந்தது வெளியே சொன்னவர்களின் கட்டுரைகளை வைத்துத்தான். இந்தப் பாடம் வீணாகவில்லை. குவாண்டம் கணினிகளையும் தாங்கக்கூடிய புதிய முறைகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2016-ல் உலகம் முழுவதற்கும் பொதுவான போட்டியாகவே அறிவித்தது. அதில் பல சுற்றுகளைத் தாண்டி வந்த 'சைக்' என்ற முறையை 2022-ல் ஒரே ஒரு கணினி சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தது. நல்லவேளை, யாரும் அதை நம்பி ரகசியங்களை ஒப்படைப்பதற்கு முன்பே உண்மை தெரிந்துவிட்டது. தேறிய முறைகள் 2024 ஆகஸ்டில் தரங்களாக வெளிவந்தன.