ஜெர்மன் பெயரடை ஈறுகள்

ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் பெயரடை, அப்பெயரின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறும். எ, எர், எஸ், எம், என் என ஈறுகள் ஐந்தே. ஆனால் மூன்று பாலும் பால் பிரியாத பன்மையும் நான்கு வேற்றுமையில் 16 இடங்களாகின்றன. முன்னால் நிற்கும் ஆர்ட்டிக்கிளை (‘அந்த’, ‘ஒரு’ போன்ற சொல்லை) பொறுத்து மூன்று வரிசைகள் உண்டு. ஆக 48 கட்டங்கள். புதிதாகப் படிப்பவர்கள் மலைத்துப்போவது இந்த அட்டவணையைக் கண்டுதான்.

அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட அதன் உள்விதியைப் பிடித்துக்கொள்வது நல்லது. பாலையும் வேற்றுமையையும் காட்டும் அடையாளம் எங்காவது ஓரிடத்தில் தெரிய வேண்டும் என்பதே அது. ‘வஸ்ஸர்’ என்றால் தண்ணீர், நடுப்பால் சொல். ‘டஸ் கல்ட்டெ வஸ்ஸர்’ (அந்தக் குளிர்ந்த தண்ணீர்) என்னும்போது ‘டஸ்’ஸே பாலைச் சொல்லிவிடுவதால் பெயரடைக்கு ‘எ’ போதும். ‘டஸ்’ஸை எடுத்துவிட்டால் ‘கல்ட்டெஸ் வஸ்ஸர்’. ‘டஸ்’ஸின் கடைசி ‘ஸ்’ பெயரடைக்கு வந்துவிடுகிறது. ‘மிட்’ (உடன்) என்ற சொல் நான்கு வேற்றுமைகளில் ஒன்றான டாட்டிவ்வைக் கேட்கும்; அதில் ‘டஸ்’, ‘டேம்’ ஆகிவிடும்: ‘மிட் டேம் கல்ட்டென் வஸ்ஸர்’. ‘டேம்’ இல்லையென்றால் ‘மிட் கல்ட்டெம் வஸ்ஸர்’. ‘ஐன்’ (ஒரு) எழுவாயில் ஆண்பாலுக்கும் நடுப்பாலுக்கும் ஒரே வடிவம். அதனால் ‘ஐன் அல்ட்டெர் மன்’ (ஒரு வயதான ஆள்), ‘ஐன் அல்ட்டெஸ் ஹௌஸ்’ (ஒரு பழைய வீடு) என்று பெயரடையே பாலைச் சொல்கிறது.

இப்படி அடையாளத்தைத் தானே சுமக்கும் ஈறுகளை வலியவை என்றும், ஆர்ட்டிக்கிளிடம் விட்டுவிடுபவற்றை மெலியவை என்றும் பிரிப்பார்கள். இந்தப் பெயர்களை நிலைநிறுத்தியவர் யாகோப் கிரிம். அவருடைய ஜெர்மன் இலக்கண நூலின் முதல் பகுதி 1819இல் வெளிவந்தது. இந்த இருவகைப் பிரிவு, ஜெர்மானிய மொழிகள் பிரியும் முன்பே அவற்றின் மூதாதை மொழியில் இருந்தது. ஆங்கிலம் அதை முழுக்க இழந்துவிட்டது.

பயனிலையாக வரும் பெயரடைக்கு ஈறே கிடையாது: ‘டேர் மன் இஸ்ட் அல்ட்’ (அந்த ஆள் வயதானவர்). தமிழ் இதற்கு நேர்மாறு. ‘நல்ல’ எந்தப் பெயருக்கு முன்னாலும் மாறாது. ‘பையன் நல்லவன்’, ‘வீடு நல்லது’ என்று பயனிலையில்தான் பால் காட்டும். தமிழர் இங்கே தடுமாறக்கூடும்.

‘லீலா’ (ஊதா), ‘ரோஸா’ (இளஞ்சிவப்பு) போன்ற சில நிறப் பெயரடைகள் ஈறு ஏற்பதில்லை. ‘ஹோஹ்’ (உயரமான) ஈறு சேர்ந்தால் ‘ஹோஎ’ ஆகும். பெயர்ச்சொல் மறைந்து பெயரடை மட்டும் நின்றாலும் ஈறு போவதில்லை. ஜெர்மானியரைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லே அப்படிப் பிறந்ததுதான்: ‘டேர் டொய்ச்செ’ என்றால் அந்த ஜெர்மானியர், ‘ஐன் டொய்ச்செர்’ என்றால் ஒரு ஜெர்மானியர்.