செக்ரோலிலிருந்து கடவுச்சொல் வரை: கேமரன் மலைத் தோட்டங்கள் கற்றுத்தரும் வரலாற்றுப் பாடம்



இந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருந்திருக்கும். கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலி ஒன்று உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. ஒருநாள் இரவு அது தானாகவே புதிய பதிப்புக்கு மாறிவிடுகிறது. காலையில் திறந்தால் முகப்பே வேறு மாதிரி. இத்தனை நாளும் கைரேகை வைத்தே திறந்தீர்கள். இப்போது தலைமைக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அது மறந்தே போச்சு! மாணவர் வருகையை இணையத்தில் பதிய வேண்டும். பள்ளியோ தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், இணையம் ஒரு மூலையில் மட்டும் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

“இது கணினிப் பாடம் ஆயிற்றே, வரலாற்றுக் கட்டுரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. “நீ யார் என்று காட்டு” என்ற கேள்விக்கு மனிதன் பதில் சொல்லும் முறை காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. மாறும் ஒவ்வொரு முறையும், சேதி தாமதமாகப் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள். இதைக் கேமரன் மலைத் தோட்ட மக்கள் கடவுச்சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே பட்டு அறிந்தார்கள்.

செக்ரோலில் ஒரு பெயர்

1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்து போன மலை இது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலையில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணையாக இருந்தார். காட்டை அழித்து, சரிவில் செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்திருந்தது. அதன் பிறகு கங்காணிகள் வழியாகவே ஆள் சேர்த்தார்கள். 1938-இல் இந்திய அரசு அதற்கும் தடை போட்டது.

அந்தத் தொழிலாளிக்கு அடையாளம் எது? காலைப் பெரட்டில் கிராணி கூப்பிடும் பெயர். செக்ரோல் புத்தகத்தில் விழும் ஒரு கோடு. “கிராணியாரே, என் பேரு விழுந்துச்சா?” என்ற கேள்வியில் அன்றைய கூலி அடங்கியிருந்தது. பெயரைத் தப்பாக எழுதினாலும் அதைப் படித்துத் திருத்தும் வாய்ப்பு பலருக்கு இல்லை.

இலங்கைத் தோட்டங்களில் நிலைமை இன்னும் கடுமை. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கங்காணியிடம் கடன் தீர்ந்ததற்கான ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டு முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்தவர்களின் கழுத்தில் எண் பொறித்த தகரத் துண்டைக் கட்டி அனுப்பிய காலமும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அடையாளத்தின் சாவி தொழிலாளியின் கையில் இல்லை. புத்தகத்தை வைத்திருப்பவரிடமே இருந்தது.

1948: அட்டை வந்தது

படிவம் 4 மாணவர்களுக்கு இது தெரிந்த இடம். 1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 12 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாருக்கும் புகைப்படமும் கைநாட்டும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. கம்யூனிஸ்டுகளையும் பொதுமக்களையும் பிரித்துக் காண்பதே நோக்கம். அட்டையின் வலிமையைக் கம்யூனிஸ்டுகளும் உணர்ந்தார்கள். பல இடங்களில் தொழிலாளர்களின் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள்.

செக்ரோல் தோட்டத்துக்குள் மட்டுமே செல்லும். அட்டை நாடு முழுக்கச் செல்லும். அது பெரிய முன்னேற்றம். ஆனால் அதைத் தொலைத்தவர் சோதனைச் சாவடியில் சந்தேகத்துக்குரியவர் ஆனார். பாதுகாப்பு கூடக் கூட, தொலைத்தவருக்கு விழும் அடியும் கூடியது. இந்த வரியை நினைவில் வையுங்கள். கடவுச்சொல் பகுதியில் மறுபடியும் வரும்.

1957 முதல் 1969 வரை: காலக்கெடு

1957-இல் சுதந்திரம் வந்தது. மெர்டேக்கா நாளிலும் அதன் பிறகும் இங்கே பிறந்த குழந்தைகள் சட்டத்தின்படி குடிமக்கள் ஆனார்கள். (1962-இல் இந்த விதி மறுபடி மாறியது.) அதற்கு முன் பிறந்தவர்களும் நீண்டகாலம் வசித்தவர்களும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்த பலருக்கு மலாய்மொழித் தகுதியிலிருந்து விலக்கும் கிடைத்தது.

பட்டணத்தில் நாளிதழ் படித்தவருக்கு இந்தச் சேதி எளிதாகக் கிடைத்தது. மலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவருக்கு யாராவது போய்ச் சொன்னால்தான் தெரியும். “நாம இங்கதானே இருக்கோம், தனியா எதுக்குப் பேப்பர்?” என்று இருந்தவர்கள் நாடெங்கும் தோட்டங்களில் இருந்தார்கள். அவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டையே தங்கியது.

அடி பிறகு விழுந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். 1969-இல் அது நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் நாடு திரும்ப நேர்ந்தது. காடு அழித்தவர்களும், ரப்பர் சீவியவர்களும், பிள்ளைகளை இங்கேயே பெற்றவர்களும் அவர்களில் அடக்கம். அவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. முறை மாறியது, அதற்கு ஒரு காலக்கெடு இருந்தது, அந்தச் சேதி பலருக்கு உரிய நேரத்தில் புரியும்படி போய்ச் சேரவில்லை.

இன்னொரு மாற்றம் 1982 மார்ச் 1 அன்று நடந்தது. அன்று முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைச் சட்டப்படி பதிவது கட்டாயமானது. கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று இருந்தவர்களின் பிள்ளைகளில் சிலர், குடியுரிமை ஆவணத்துக்காகப் பிற்காலத்தில் அலைய வேண்டி வந்தது. அடையாள ஆவணம் இல்லாமல் பள்ளிக்கு வரும் பிள்ளையைப் பார்த்திருக்கும் ஆசிரியருக்கு இது பழங்கதை இல்லை.

எண்ணும் சில்லும்

1990-இல் 12 இலக்க எண் வந்தது. 2001-இல் சில்லு பொருத்திய மைகார்டு வந்தது. பழைய அட்டை ஒரே நாளில் செல்லாததாகிவிடவில்லை; சில ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே புழங்கின. ஒரு முறையை எப்படி மாற்ற வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அந்த 12 இலக்கங்களைப் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். பகாங் என்றால் 06, பேரா என்றால் 08. தானா ராத்தாவில் பிறந்த பிள்ளைக்கும் ஈப்போவில் பிறந்த பிள்ளைக்கும் இந்த இரண்டு எண் வேறுபடும். கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அப்படியானால் பிறந்த நாளும் ஊரும் தெரிந்தவருக்கு உங்கள் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே தெரியும்.

ஆகவே அடையாள அட்டை எண் இரகசியம் அல்ல, அது வெறும் பெயர். ஆனாலும் மாணவர்களுக்குக் கணக்கு திறக்கும்போது, “ஐ.சி. நம்பரையே பாஸ்வேர்டா வச்சிடலாம், மறக்காது” என்று செய்கிறோம். பெயரையே சாவியாக வைப்பது கதவில் சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

கடவுச்சொல்லின் கதை

கணினிக் கடவுச்சொல்லின் கதை 1961-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்குகிறது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையைப் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு உருவாக்கியது. ஒவ்வொருவருக்கும் தனி நேர ஒதுக்கீடு, தனிக் கடவுச்சொல். 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், கூடுதல் நேரம் வேண்டி, கடவுச்சொல் பட்டியலையே அச்செடுத்துக்கொண்டார். 1966-இல் ஒரு பிழையால், உள்ளே நுழைந்த எல்லாருடைய திரையிலும் அந்தப் பட்டியல் தெரிந்தது. செக்ரோலைப் பெரட்டுக் களத்தில் திறந்து வைத்த மாதிரி!

1979-இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் யூனிக்ஸ் கணினிகளில் கையாண்ட தீர்வை எழுதி வெளியிட்டார்கள். கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், ஒருவழிக் கணக்கில் மாற்றி வைப்பதே அது. கொழுந்தை அரைத்துத் தூளாக்கலாம். தூளை மறுபடி கொழுந்தாக்க முடியாது. நீங்கள் உள்ளே நுழையும்போது உங்கள் சொல்லையும் அதேபோல் அரைத்து, இரண்டு தூளும் ஒன்றா என்று கணினி பார்க்கிறது.

பிறகு ஒவ்வோர் இணையத்தளத்துக்கும் ஒரு கடவுச்சொல் தேவைப்பட்டது. மனித மூளை தாங்குமா? 1997-இல் புரூஸ் ஷ்னையர் ‘பாஸ்வேர்ட் சேஃப்’ என்ற பெட்டகத்தை வெளியிட்டார். 2003-இல் கீபாஸ், 2006-இல் ஒன்பாஸ்வேர்ட், 2008-இல் லாஸ்ட்பாஸ் வந்தன. பெட்டகத்துக்குள் எல்லாச் சாவிகளும் இருக்கும். பெட்டகத்தைத் திறக்க ஒரே தலைமைக் கடவுச்சொல். பொதுவாக அதை நிறுவனம் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே நீங்கள் மறந்தால், மீட்பு வழி எதையும் முன்கூட்டியே அமைத்திராவிட்டால், அவர்களாலும் திறந்துகொடுக்க முடியாது. 1948 பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? பாதுகாப்பு கூடக் கூட, தொலைத்தவருக்கு விழும் அடியும் கூடும்.

புதிய பதிப்பு ஏன் நம்மைத் தொல்லை செய்கிறது?

எல்லா மாற்றமும் வேண்டாத தொல்லை இல்லை. 2022-இல் லாஸ்ட்பாஸ் வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகல் திருடுபோனது. தலைமைக் கடவுச்சொல் பலவீனமாக இருந்தால் திருடன் அந்த நகலை வைத்துக்கொண்டு நிதானமாக முயன்று பார்க்கலாம். அதன் பிறகு, 2024-இல், குறைந்தது 12 எழுத்து என்ற விதியைப் பழைய பயனர்களுக்கும் அந்த நிறுவனம் கட்டாயமாக்கியது.

சில மாற்றங்கள் பழைய தவற்றைத் திருத்துபவை. 2003-இல் பில் பர் என்பவர் எழுதிய அமெரிக்க அரசு வழிகாட்டியிலிருந்துதான் சிக்கலான குறியீடுகள், அடிக்கடி மாற்றுதல் போன்ற பழக்கங்கள் பரவின. அதற்காக அவரே 2017-இல் வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு அந்த வழிகாட்டி மாறியது. கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம். நீளம்தான் முக்கியம் என்றது.

சில மாற்றங்கள் வசதியையே எடுத்துவிடுகின்றன. மைக்ரோசாப்ட் ஆதெண்டிகேட்டர் செயலியில் சேமித்த கடவுச்சொற்களை 2025 ஆகஸ்டு முதல் அங்கே பார்க்க முடியவில்லை. முன்னறிவிப்பு இருந்தது. கவனித்தவர்கள் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

நம் பள்ளிகளுக்கும் இது பழகிய கதை. 2012 முதல் ஃபுரோக் வி.எல்.இ.; 2019-இல் அது போய் கூகுள் வகுப்பறை; 2020-இல் டெலிமா. ஒவ்வொரு முறையும் புதிய நுழைவு, புதிய பழக்கம்.

நாம் செய்யக்கூடியது

தோட்ட வரலாறு கற்றுத்தந்ததை இங்கே அப்படியே பயன்படுத்தலாம்.

முதலில், புதியது ஒழுங்காகத் திறக்கிறது என்று உறுதியாகும்வரை பழையதை அழிக்காதீர்கள். பழைய கைப்பேசியை விற்பதற்கு முன் புதியதில் இரண்டு மூன்று கணக்குகளைத் திறந்து பாருங்கள்.

செயலியைப் புதுப்பிக்கும் முன் ஒரு நகல் எடுங்கள். ஆனால் பல செயலிகளில் அந்த நகல் பூட்டில்லாத வெறும் எழுத்தாக இருக்கும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள். வாட்சாப்பில் அனுப்பவே கூடாது.

தலைமைக் கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீட்டையும் தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டில் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பள்ளியின் பொதுக் கணக்கு என்றால் உறை இரும்பு அலமாரியில் இருக்கட்டும். பொறுப்பானவர் இருவருக்கு அது தெரிந்திருக்கட்டும். ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் பள்ளியே வெளியே நிற்கக் கூடாது.

கைரேகையில் திறந்தாலும் மாதம் ஒருமுறை தலைமைக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்தால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது.

கடைசியாக, அறிவிப்பைப் படித்தவர் படிக்காதவருக்குச் சொல்லுங்கள். ஓய்வுபெறும் வயதில் இருக்கும் ஆசிரியரோ, கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்து “நீயே பாரு” என்று சொல்லும் தோட்டத்துப் பெற்றோரோ, அந்தச் சேதியைத் தானாகப் படிக்கப் போவதில்லை. 1957-இல் லயம் லயமாகப் போய் விண்ணப்பத்தைப் பற்றி ஒருவர் சொல்லியிருந்தால், எத்தனை குடும்பங்கள் இங்கேயே இருந்திருக்கும்! அந்த வேலையை இன்று பள்ளி அளவில் நாம் செய்ய முடியும். பெற்றோர் சந்திப்பில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

மாணவர்களுக்கு இரு வினாக்கள்

1. 1948-இல் அடையாள அட்டை அறிமுகமானதன் நோக்கத்தையும், அது சாதாரணத் தொழிலாளர்களுக்கு ஏற்படுத்திய விளைவுகளையும் விளக்குக.

2. ஓர் அரசு புதிய பதிவு முறையைக் கொண்டுவரும்போது, தொலைவில் வாழும் மக்கள் விடுபடாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும்? 1957 முதல் 1969 வரையிலான நிகழ்வுகளைச் சான்றாகக் காட்டி உங்கள் கருத்தை எழுதுக.

இரண்டாவது வினாவுக்கு விடை எழுதும் முன், உங்கள் தாத்தா பாட்டியிடம் அவர்களுடைய பழைய அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது எப்போது, எப்படிக் கிடைத்தது என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாடநூலில் இல்லாத சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.