இயங்குதளப் பெயர், பதிப்பெண் குழப்பம்

கணினி இயங்குதளத்தின் விற்பனைப் பெயரும் உள் பதிப்பெண்ணும் ஒத்துப்போகாததால் எழும் தடுமாற்றம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், விழுப்புரம், திண்டிவனம் அரசுப் பள்ளி மாணவர்களின் கைக்கே இதைக் கொண்டுவந்தது. தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. கறுப்புக் கட்டளைத் திரையில் ‘வெர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், விண்டோஸ் 7 தன்னை 6.1 என்றே சொல்லும். அதற்கு முந்தைய விஸ்டாவின் எண் 6.0. முதல் எண்ணை மாற்றினால் பழைய மென்பொருள்கள் சில ஓட மறுக்கும் என்பதால் விண்டோஸ் 7இல் மைக்ரோசாப்ட் 6ஐக் கைவிடவில்லை. விற்பனைப் பெயர்களும் வரிசையாக வரவில்லை: விண்டோஸ் 9 வெளிவரவே இல்லை. விண்டோஸ் 11 உள்ளே இன்னும் 10.0தான். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. பாஸின் எண் வேறு, டெபியனின் எண் வேறு, லினக்ஸ் கெர்னலின் எண் வேறு; மூன்றையும் ஒன்றாகக் கொள்வது பெரும்பிழை. மென்பொருள் நிறுவுமுன் பெயரோடு பதிப்பெண்ணையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.