படிப்பை நிறுத்தியவர் யார்?

கல்வித்துறை ஆவணங்களில் 'இடைநிற்றல்' என்னும் சொல் இன்று நிலைபெற்றுவிட்டது. பள்ளியில் சேர்ந்த பிள்ளை படிப்பு முடியுமுன் விலகிவிடுவதை அது குறிக்கிறது. சொல்லின் அமைப்பை நோக்கினால் நின்றவன் பிள்ளையே. ஆகவே குறையும் அவனுடையதே என்று தோன்றும். நம் ஊர்களில் பெற்றோர் பேசும் பேச்சோ வேறு. "ஏழாவதோடு நிறுத்திவிட்டோம்" என்பார்கள். நிற்றல் தன்வினை, நிறுத்தல் பிறவினை. இலக்கணம் காட்டும் இந்த வேறுபாட்டைக் கல்வி வரலாறும் காட்டுகிறது. பிள்ளையைப் பள்ளியில் வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை யார் செலுத்தினர் என்பதைப் பொறுத்தே, எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும், பிள்ளைகள் பள்ளியில் தங்கியிருக்கின்றனர், அல்லது வெளியேறியிருக்கின்றனர்.

இந்தியாவில் இச்சிக்கலுக்கு முதன்முதலாகக் கணக்குப் பார்த்துச் சொன்னவர்களுள் ஹார்ட்டாக் குழுவினர் முக்கியமானவர்கள். சைமன் கமிஷனின் துணைக்குழுவாக அமைந்து 1929இல் அறிக்கை அளித்த அக்குழுவில், பாட்னாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய சர் சையித் சுல்தான் அஹ்மதும் நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் உறுப்பினர்கள். 1922-23ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் இருந்த சிறுவர் நூறு பேரில், மூன்றாண்டுகள் கழித்து நான்காம் வகுப்பில் காணப்பட்டோர் ஏறத்தாழ 18 பேர்தாம் என்று அவர்கள் கண்டனர். படிப்பு முடியுமுன் வெளியேறுவதை 'விரயம்' என்றும், ஒரே வகுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவதைத் 'தேக்கம்' என்றும் பெயரிட்டனர். விரயம் என்னும் சொல்லில் கருவூலக் கணக்கரின் குரல் கேட்கிறது. விரயமானது அரசின் பணம்! எஞ்சிய எண்பத்திரண்டு சிறுவர் என்ன ஆயினர், எந்த வயலுக்கும் எந்தத் தறிக்கும் சென்றனர் என்பதற்கு அச்சொல்லில் இடமில்லை. பள்ளிகளைப் பெருக்குவதை விட இருப்பவற்றைச் செம்மைப்படுத்துவதே முதற்கடமை என்று அக்குழு பரிந்துரைத்ததும், அதனைத் தேசியத் தலைவர்கள் பலர் ஏற்க மறுத்ததும் அறிந்த செய்திகளே.

பிள்ளை பள்ளியில் தங்குவதற்கு ஆசிரியர் மட்டும் போதாது, ரொட்டியும் துணியும் வேண்டும் என்னும் அறிவு இருபதாம் நூற்றாண்டில் தோன்றியதன்று. அந்தலூசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் 1183இல் எகிப்தையும் 1184இல் டமாஸ்கஸையும் கண்டு எழுதிய பயண நூலில் இதற்குத் தெளிவான சான்று கிடைக்கிறது. சுல்தான் ஸலாஹுத்தீன் ஏழைகள், அநாதைகள் ஆகியோரின் பிள்ளைகளுக்கென்றே தனிப் பள்ளிகளை எழுப்பி, குர்ஆன் ஓதிக்கொடுக்க ஆசிரியர்களை அமர்த்தி, பிள்ளைகளுக்குப் போதுமான படியும் வழங்கச் செய்தார் என்று அவர் வியந்து குறிப்பிடுகிறார். டமாஸ்கஸில் அநாதைச் சிறுவர்க்கான பெரிய பள்ளி ஒன்றைப் பற்றியும் எழுதுகிறார். அதற்குப் பெரியதொரு வக்ஃபு சொத்து இருந்தது. அதன் வருவாயிலிருந்து ஆசிரியர் தம் ஊதியத்தைப் பெற்றார். சிறுவரின் உணவுக்கும் உடைக்கும் அதே வருவாயிலிருந்து செலவு செய்யப்பட்டது. ஆசிரியரின் கூலியும் மாணவனின் சோறும் ஒரே கணக்கில் எழுதப்பட்டன என்பதே இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

மம்லூக்கியர் காலத்துக் கெய்ரோவில் இம்முறை கட்டட வடிவமே பெற்றது. கீழ்த்தளத்தில் வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல், மேல்தளத்தில் சிறுவர் பள்ளி என அமைந்த 'ஸபீல் குத்தாப்' என்னும் கட்டடங்கள் அந்நகரின் தெருமுனைகளில் எழுந்தன. சுல்தான் காயித்பாய் 1479இல் கட்டியதும், உஸ்மானியர் ஆட்சியின் போது அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் கட்டியதும் இன்றும் நிற்கின்றன. இத்தகைய பள்ளிகளின் வக்ஃபு ஆவணங்கள் மிக நுணுக்கமானவை. எத்தனை அநாதைகள் பயில வேண்டும், ஒவ்வொருவருக்கும் ரொட்டி எவ்வளவு, கோடைக்கு என்ன உடை, குளிர்காலத்துக்கு என்ன உடை என்றெல்லாம் அவை வரையறுக்கின்றன. பருவம் எய்திய சிறுவன் தன் இடத்தை இளையவன் ஒருவனுக்கு விட்டுச் செல்ல வேண்டும் என்பது பொது விதி. ஆயினும் குர்ஆனை மனனம் செய்து முடிக்கும் தறுவாயில் இருப்பவனுக்குச் சில ஆவணங்கள் விலக்கு அளித்தன. முடிக்கப் போகிறவனை வாயிலில் நிறுத்தி அனுப்பிவிடக் கூடாது என்னும் கரிசனம் சட்ட வாசகமாகவே எழுதப்பட்டது. இந்தப் பள்ளிகளை இன்றைய பொதுக் கல்வியோடு ஒப்பிடுவது பொருந்தாது. அவற்றில் இடம்பெற்ற சிறுவர் சிலரே; சிறுமியர்க்கு இடமே இல்லை. எனினும் தேர்வுக்குரிய தகுதி அறிவுக்கூர்மையன்று, ஆதரவின்மையே என்பது கருதத்தக்கது.

இனி நம் சென்னைக்கு வருவோம். அண்ணா சாலையை ஒட்டிய ஆயிரம் விளக்குப் பகுதி, அங்குள்ள ஷியாப் பள்ளிவாசலால் பெயர் பெற்றது. நவாபு குடும்பத்தார் காலத்தில் முஹர்ரம் கூட்டங்களுக்கு ஆயிரம் விளக்குகள் ஏற்றப்பட்டதால் அப்பெயர் வந்தது என்பர். அப்பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பயின்ற ஏழைப் பிள்ளைகளுக்கு, நாளொன்றுக்கு மாணவர் ஒருவர்க்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்குவதென 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது. அப்போது மன்றத்தின் தலைவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். மாணவர்களின் வறுமை பள்ளியின் எண்ணிக்கையையே பாதிக்கிறது என்பது அவர் கூறிய காரணம். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிவடைந்தது. 1922-23க்கும் 1924-25க்கும் இடையில் அவ்வைந்து பள்ளிகளின் மாணவர் தொகை ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

ஆனால் 1925 ஏப்ரலில் அது நின்றது. காரணம் பசியன்று, கணக்கு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை ஆங்கில அரசு ஒப்பவில்லை. கரும்பலகையும் கூரையும் கல்விச் செலவு. சிற்றுண்டி கல்விச் செலவாகாது! எழுநூறு ஆண்டுகளுக்கு முன் டமாஸ்கஸின் வக்ஃபுக் கணக்கர் ஒரே ஏட்டில் எழுதியதைச் சென்னையின் தணிக்கையாளர் இரண்டாகப் பிரித்துவிட்டார். இரண்டாண்டு முயற்சிக்குப் பின் 1927இல் ஏழை மாணவர்க்கு மட்டுமாக அது மீண்டது.

1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். நாட்டுப்புறப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அத்திட்டம். அதே ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பதும் சொல்லப்பட்டது. குலக்கல்வி என்று அதனை எதிர்த்தோர் வைத்த பெயரே நிலைத்தது. சாதி பற்றிய அவ்வாதத்தை இங்கே மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. நம் பொருளுக்கு வேண்டிய அளவில் ஒன்று சொல்லலாம்: பிள்ளையின் உழைப்பை இழக்கும் குடும்பத்தின் நட்டத்தை அத்திட்டம் ஈடுசெய்யவில்லை, படிப்பைப் பாதியாக்கி அந்த நட்டத்தைக் குறைக்க முனைந்தது. 1954 ஏப்ரலில் முதல்வரான காமராசர் அடுத்த மாதமே அதனைக் கைவிட்டார்.

அவர் மேற்கொண்டது எதிர்த்திசைப் பாதை. 1956இல் எட்டயபுரத்தில் அவர் தொடங்கி வைத்த மதிய உணவுத் திட்டத்தின் உயிர்நாடி, பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு வகுத்த அமைப்பிலேயே இருந்தது என்பது நம் கருத்து. முதலில் ஊராரின் நன்கொடையால் நடந்த பணிக்குப் பின்னர் அரசு கைகொடுத்தது. செலவில் நூற்றுக்கு அறுபது அரசுடையது, நாற்பது ஊராருடையது. அந்த நாற்பது பணமாக மட்டும் வரவில்லை. அறுவடைக் காலத்தில் நெல், தோட்டத்துக் காய்கறி, விறகு என்று வந்தது. 1958இல் செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதனை மேலும் விரித்தன. ஊரார் பள்ளிக்கு நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம், பிள்ளைகளுக்குச் சீருடை என அளித்தனர். ஒருபடி அரிசி கொடுத்தவர், அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று பார்க்கப் பள்ளிக்கு வருவார். வந்தவர், நேற்றுவரை வரிசையில் அமர்ந்த பையன் இன்று எங்கே என்று கேட்பார். எந்த ஆய்வாளரின் சுற்றறிக்கையும் செய்ய இயலாத வேலை அது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது முழுச்செலவையும் அரசே ஏற்றது. நிதி இழப்பு என்று பொருளியலாளர் சிலர் குறைகூறிய அத்திட்டமே, 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டபோது முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஊராரின் கருணையை நம்பியிராத, உரிமையான உணவு இது. இதற்கு நிகரான நன்மை வேறில்லை. ஆயினும் நாற்பது பங்கு போனபோது அதனோடு ஊராரின் கண்ணும் பள்ளியை விட்டுப் போய்விட்டது. பிற்காலப் பள்ளி மேலாண்மைக் குழுக்களால் அந்தக் கண்ணைத் திரும்பப் பெற முடிந்ததா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

சோற்றால் தீராத தடைகளும் உண்டு. கல்கத்தாவில் 1911 மார்ச்சில் எட்டுச் சிறுமியருடன் ஸகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய பேகம் ருகையா, வீடு வீடாகச் சென்று பெற்றோரை இணங்கச் செய்ய வேண்டியிருந்தது. இணங்கியவர்களும் பர்தாவுடன் கூடிய வண்டி வேண்டும் என்றனர். பள்ளிக்கு வாங்கிய பேருந்து நாற்புறமும் அடைக்கப்பட்டது. இருளிலும் வெப்பத்திலும் சிறுமியர் மயங்கினர், வாந்தி எடுத்தனர், பெற்றோர் முறையிட்டனர். பக்கங்களைத் திறந்து திரை தொங்கவிட்டபோது, திரை காற்றில் விலகுகிறது என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. 1931இல் வெளியான 'அபரோத்பாசினி' என்னும் நூலின் இறுதியில் இதனை அவர் கசப்பும் நகைப்புமாக எழுதியிருக்கிறார். அவர் அறிந்திருந்தார்: அந்தச் சிறுமியரின் படிப்பு வகுப்பறையில் அறுபடவில்லை, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தெருவில்தான் அறுபட்டது. ஆதலின் எரிச்சலுற்ற போதும் வண்டியை அவர் நிறுத்தவில்லை.

2006இல் வெளியான சச்சார் குழுவின் அறிக்கை, 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளுள் நான்கில் ஒருவர் பள்ளிக்கே சென்றதில்லை அல்லது இடையில் விலகியவர் என்று கூறிற்று. மதரஸாக்களே காரணம் என்னும் பழியையும் அவ்வறிக்கை தகர்த்தது. பள்ளி வயதினருள் மதரஸா செல்வோர் நூற்றுக்கு மூவரளவே எனக் கண்டது. தமிழக முஸ்லிம்களின் நிலை நாட்டின் பொதுநிலையை விட மேம்பட்டதே. தொடக்க வகுப்புகளில் இடைநிற்றல் இங்கே பெரிதும் மறைந்துவிட்டது. ஆனால் அது ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு இடம் மாறியிருக்கிறது. கடையில் ஒரு கையாள் வேண்டும், கடவுச்சீட்டு எடுக்கும் வயது நெருங்குகிறது, பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது என்னும் காரணங்கள் அவ்வயதில்தான் வீட்டுக்குள் நுழைகின்றன.

நம் ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்துகின்றன. முதல் மதிப்பெண் பெற்றவர்க்குக் கேடயம் தருகின்றன; பொறியியல், மருத்துவம் பயில்வோர்க்குக் கட்டணம் செலுத்துகின்றன. நல்ல பணியே. ஆனால் அந்த மேடைக்கு வந்தவன் நிறுத்தப்படாதவன். ஒன்பதாம் வகுப்பில் இரு பாடங்களில் தவறி, மாமாவின் கடைக்குப் போய்விட்டவன் பெயர் எந்த அழைப்பிதழிலும் இல்லை. கெய்ரோவின் வக்ஃபு ஆவணங்கள் முதலில் தேடியது அவனைப் போன்றவனைத்தான். அவனுக்கு வேண்டியது பெரும்பணமும் அன்று. பெரும்பாலும் அவன் கடையில் ஈட்டும் தொகைக்கு ஈடாக மாதந்தோறும் ஒரு சிறு படி, மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள், தந்தையிடம் பேசத் தகுதியுள்ள ஒரு பெரியவர். கொரோனாவுக்குப் பின் 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தெருத்தோறும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வகுப்பு நடத்தினர். ஆகவே ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

நிக்காஹ் பதிவேடு நம் மஹல்லாக்களில் இருக்கிறது. சந்தாப் பதிவேடும் இருக்கிறது. நான்காண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த நம் தெருப் பிள்ளைகளின் பட்டியலையும், இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் இருப்போர் பட்டியலையும் தலைமையாசிரியரின் மேசையில் அருகருகே வைத்து, விடுபட்ட பெயர்களைக் குறித்துக்கொள்ள ஒரு பிற்பகல் போதுமானது.