மக்காச்சோளத்தின் குளிர் தாங்கும் மரபியல்

மக்காச்சோளம் குளிரான மண்ணில் முளைத்து, பச்சையம் கெடாமல் வளரும் பரம்பரைத் திறனை ஆராயும் துறை. வெப்பமண்டலத்தில் தோன்றிய இப்பயிருக்கு 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஒளிச்சேர்க்கை தளரும். 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். இச்சிக்கல் மலைநாடுகளிலும் வடநாடுகளிலும் விளைச்சலையே தீர்மானிக்கிறது.

தோற்றம். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்னும் காட்டுப்புல்லிலிருந்து மக்காச்சோளம் உருவானது. மலைமேடுகளுக்கு ஏறியபோது, அங்கிருந்த மெக்சிகானா என்ற மற்றொரு தியோசிந்தேயுடன் கலந்தது. அம்மலைச்சோளத்தின் இலையுறை செந்நீலமாக, மென்மயிர் அடர்ந்திருக்கும். நிறம் வெயிலை உறிஞ்சுகிறது, மயிர் வெப்பத்தைக் காக்கிறது என்பர். 4ஆம் குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய ஒரு துண்டும் (இன்வி4எம்) மெக்சிகானாவின் கொடை என்றே கருதப்படுகிறது. அது குளிரை நேரடியாகத் தாங்கவைக்கிறதா, பூப்பை முந்தச்செய்து பயிரைக் காப்பாற்றுகிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

ஐரோப்பா. கொலம்பஸ் கொண்டுவந்த கரீபிய வகைகள் வெப்பமான தென் ஸ்பெயினில் பயிராயின. குளிர்ந்த வடபகுதிக்குக் கைகொடுத்தவை வட அமெரிக்கப் பழங்குடியினர் வளர்த்த பிளின்ட் வகைகள். 1950களில் பிரான்சில், லகோன் என்னும் நாட்டுவகையிலிருந்து எஃப்2, எஃப்7 வழிகள் பிரிக்கப்பட்டன. அமெரிக்க டென்ட் வகைகளோடு இவற்றைக் கலந்த வீரிய ஒட்டுகள் சாகுபடியை வடக்கே நகர்த்தின.

இந்தியா. ஒருங்கிணைந்த மக்காச்சோள ஆய்வுத் திட்டம் 1957இல் தொடங்கியது. 1961இல் முதல் வீரிய ஒட்டுகள் வந்தன. 1964இல் என். எல். தவான் விவரித்த சிக்கிமின் தொல்வகை, ஒரே தண்டில் பல கதிர் ஈனுவது. இது கொலம்பசுக்கு முன்பே வந்ததா என்ற விவாதம் தொடர்கிறது. சோமநாதபுரம் ஹொய்சளர் சிற்பங்களில் காணும் கதிர் மக்காச்சோளமே என்ற வாதமும் மறுக்கப்பட்டுள்ளது.

பீகாரில் 1960களில் தொடங்கிய ரபி சாகுபடியே குளிருக்கு உரிய முக்கியச் சோதனைக்களம். அக்டோபர், நவம்பரில் விதைத்த பயிர், ஜனவரிக் குளிரில் வளராமல் நின்று, இளம் இலைகள் செந்நீலமாகும். குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தை எடுக்கத் திணறுவதே பெரும்பாலும் காரணம். உறைபனி அஞ்சும் இரவில் உழவர் லேசாகத் தண்ணீர் பாய்ச்சுவர். ஈரமண் வெப்பத்தைத் தக்கவைக்கும். பிப்ரவரியில் வெயில் ஏறியதும் பயிர் மீண்டெழும். வயலில் நீண்ட நாள் நிற்பதாலும் பூச்சிநோய் குறைவதாலும் ரபி விளைச்சல் மழைக்காலத்தை விஞ்சுகிறது. குளிரைத் தாங்குவதோடு, அது நீங்கியதும் விரைந்து தேறுவதும் மரபுத்திறனே என்பதை இவ்வயல்கள் நன்கு காட்டுகின்றன.

மூலக்கூறு ஆய்வு. 2000களின் தொடக்கத்தில் சூரிச் ஆய்வாளர்கள், குளிரில் ஒளிச்சேர்க்கையைக் காக்கும் முக்கியப் பகுதியொன்றை 6ஆம் குரோமோசோமில் கண்டனர். 2009இல் பி73 வழியின் மரபணுத்தொகுதி வெளியானது. 2022இல் சீன ஆய்வாளர்கள், குளிர் தாங்குதலைக் குறைக்கும் பிசிப்68 மரபணுவை விவரித்தனர். ஒற்றை மரபணு எதுவும் முழுத்திறனையும் தருவதில்லை.