முள்ளும் பாலும்

1876 ஜூனில் ஹென்றி விக்கம் என்கிற ஆங்கிலேயர் அமேசான் கரையிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கினார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி அதே வருடம் இலங்கைக்குக் கப்பலேறியது. ஏறக்குறைய அதே காலத்தில் மதராஸ் மாகாண வனத்துறை வேறொரு அமெரிக்க விதையைக் கடப்பா பக்கம் ஊன்றிப் பார்த்தது. சீக்கிரம் வளரும், விறகுக்கு ஆகும் என்று நினைத்தார்கள். அதுதான் சீமைக்கருவேலம். காமராஜர் காலத்தில் தூவிவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பரவலானது அந்தக் காலத்தில்தான் என்றாலும், வந்து சேர்ந்தது அதற்கு எழுபது எண்பது வருடம் முன்னாலேயே.

முதல் விதை டயருக்குப் பால் தந்தது. இரண்டாவது விதையின் முள் அந்த டயரைக் குத்திக்கொண்டிருக்கிறது. பந்தய சைக்கிளுக்கு டியூப்லெஸ் டயர் வாங்கலாமா என்கிற கேள்வியை ஐரோப்பியப் பத்திரிகைகள் எடை, வேகம், வாட்ஸ் என்று பேசும். கடத்தூரில் இருப்பவன் முள்ளில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தருமபுரி வறண்ட பூமி. சாலை ஓரத்தில் கருவேலம், வேலிக்காத்தான், தரையோடு நெருஞ்சி. கடத்தூர் சந்தைக்கு வெற்றிலைக் கட்டோடு வருகிறவரின் கேரியர் சைக்கிளும், பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளும் ஒரே முள்ளில்தான் பஞ்சர் ஆகும். பஞ்சர் கடையில் எல்லாருக்கும் ஒரே வைத்தியம். டியூபை உருவி, காற்றடித்து, தண்ணித் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, ஒட்டு போட்டுத் தட்டுவது. இந்த வைத்தியத்துக்கு நூறு வயதுக்கு மேல். டியூபைத் தனியாகக் கழற்ற முடிவதே ஒரு கண்டுபிடிப்பு என்பதை நாம் மறந்துவிட்டோம்.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர், 1845இல், குதிரை வண்டிக்காக. யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். அடுத்த வருடம் வில்லி ஹியூம் என்கிற வீரர் அந்த டயரைப் போட்டுக்கொண்டு உள்ளூர்ப் பந்தயங்களை வாரிக்கொண்டு போனார். தாம்சன் பெயர் வெளிவந்து டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது வேறு கதை. அந்த முதல் டயர்களை ரிம்மோடு ஒட்டியிருந்தார்கள். பஞ்சரானால் பிரித்து ஒட்டிக் காயவைக்கவே மணிக்கணக்கில் ஆகும். 1891இல் மிஷ்லான் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயர் செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் சார்ல் தெரோன் அந்த வருடம் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தை ஜெயித்தார்.

அந்தப் பந்தயங்கள் கிளப்பிய சைக்கிள் மோகத்துக்கு ரப்பர் எங்கிருந்து வந்தது? விக்கம் விதைகள் இன்னும் கன்றுகள். 1890களின் ரப்பர் அமேசான் காட்டிலும் லியோபோல்டு மன்னனின் காங்கோவிலும் இருந்து வந்தது. காங்கோவில் கொண்டுவரச் சொன்ன அளவு குறைந்தால் கையை வெட்டினார்கள். தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்தியது முதல் உலகப் போருக்குச் சற்று முன்புதான். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் நம்மவர்கள். கங்காணிகள் மலாயாவுக்கு ஆள் கூட்டிப்போன ஜில்லாக்களில் திருச்சி, தஞ்சாவூரோடு சேலமும் உண்டு. தருமபுரி 1965 வரை சேலத்தின் ஒரு பகுதி. அந்த ரப்பர் டயராகித் திரும்பி வந்து இந்தச் சாலைகளில் ஓடியது.

பந்தயக்காரர்கள் மட்டும் நூறு வருடம் ஒட்டுகிற பக்கமே நின்றார்கள். டியூபைச் சுற்றி டயரைத் தைத்து மூடி, ரிம்மில் பசையால் ஒட்டுவது: டியூபுலர். இலேசானது, காற்று போனாலும் ரிம்மை விட்டுப் போகாது என்பது அதன் பெருமை. வெயில் அதற்கு எதிரி. 2003 டூர் டி பிரான்ஸில், தார் உருகிக் கிடந்த ஒரு இறக்கத்தில் ஹோசேபா பெலோகியின் பின்சக்கரம் வழுக்கி, டயர் கழன்று, தொடை எலும்பு முறிந்தது. அதன்பின் அவர் பழைய பெலோகி ஆகவேயில்லை. நம் ஊர் மே மாதத் தாரை யோசித்துப் பாருங்கள்.

டியூபே இல்லாத டயர் 1999இல் மலைச் சைக்கிளுக்கு வந்தது. மாவிக் கம்பெனி கொண்டுவந்த முறை. ரோடு சைக்கிளுக்கு 2006இல் ஹட்சின்சனும் ஷிமானோவும் சேர்ந்து செய்தார்கள். மாட்டுவதற்குள் கட்டைவிரல் போய்விடும் என்று ஆரம்பத்தில் எல்லாரும் திட்டினார்கள். பெரிய அணிகள் பரவலாக மாறியது 2020க்குப் பிறகுதான். உள்ளே ஊற்றும் சீலன்ட் பலவற்றில் முக்கியச் சரக்கு ரப்பர் பாலேதான். உறையாமல் இருக்க அம்மோனியா கலந்திருப்பார்கள். முள் குத்தியதும் ஓட்டை வழியே பீறி, காற்றுப் பட்டு உறைந்து அடைத்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட ரப்பர் மரம் தன் காயத்தை மூடிக்கொள்வதும் இதே மாதிரிதான். மலாயாவில் காலையில் வடித்த பால் உறையும் முன் வாளியைச் சேர்க்க ஓடினார்களே, அதே உறைதல் இங்கே வேலை செய்கிறது.

சரி, எதை வாங்குவது? கடத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், வாரக் கடைசியில் பெங்களூர் போய்ப் பந்தயம் ஓட்டுகிறவன், போனில் இதைத்தான் கேட்டான். “அண்ணா, ரோடு ரேஸுக்கும் கிரிட்டீரியத்துக்கும் ஒரே டயர் போதுமா?”

கிரிட்டீரியம் என்பது சின்னச் சுற்றில் வளைவு வளைவாக ஒரு மணி நேரம் சுற்றும் பந்தயம். பஞ்சரானால் வழக்கமாக ஒரு சுற்று சலுகை தந்து மறுபடி கூட்டத்தில் சேரவிடுவார்கள், கடைசிச் சுற்றுகள் தவிர. ரோடு ரேஸில் அந்தச் சலுகை கிடையாது. பஞ்சரானால் கூட்டம் போய்விடும். அதனால் ரோடு ரேஸுக்கு முள் தாங்கும் டயர் முக்கியம். கிரிட்டீரியத்துக்கு வளைவில் பிடிப்பு முக்கியம், அதைவிட முக்கியம் டயர் ரிம்மில் உட்கார்ந்திருப்பது. முன்பு 23 மில்லிமீட்டர் டயரில் 120 பிஎஸ்ஐ அடிப்பார்கள். இப்போது 28, 30 மில்லிமீட்டரில் 60, 70. ரோடு கரடாக இருந்தால் குறைந்த அழுத்தமே வேகம், பிடிப்பும் கூடும். டியூப் இல்லாததால் குழியில் இறங்கி டியூப் நசுங்கும் பஞ்சரும் இல்லை.

நான் எச்சரிப்பது ஹூக்லெஸ் ரிம் பற்றி. டயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி அதில் கிடையாது. அதிகபட்சம் 5 பார், அதாவது சுமார் 73 பிஎஸ்ஐ. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூரில் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது டயர் ரிம்மை விட்டு வெளியே வந்த படத்தை எல்லாரும் பார்த்தார்கள். கல் மீது மோதியதா, டயர் அகலம் ரிம்முக்குப் பொருந்தவில்லையா என்று வாதம் நடந்தது. எனக்குத் தோன்றியது ஒரு பிளஸ் டூ பௌதிகக் கணக்கு. விடிகாலை 20 டிகிரியில் 68 பிஎஸ்ஐ அடிக்கிறோம். பத்து மணிக்கு டயருக்குள் காற்று 40 டிகிரி ஆனால் அழுத்தம் 73ஐத் தாண்டிவிடும். நம் வெயிலில் 40 என்பது சாதாரணம். ஆகவே கொக்கி உள்ள ரிம், அதற்கு ஏற்ற அகலத்தில் டியூப்லெஸ் என்று எழுதிய டயர். அவனுக்கும் அதையே சொன்னேன்.

சீலன்ட் வெயிலில் சீக்கிரம் காயும். ஆறு மாதம் தாங்கும் என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் கோடையில் மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பெரிய ஓட்டைக்கு ஊர்ப் பஞ்சர் கடையே போதும். பைக் டியூப்லெஸ்ஸுக்கு ரப்பர் திரி சொருகுகிற கை அங்கே இருக்கிறது, கம்ப்ரஸரும் இருக்கிறது. சைக்கிளுக்கு மெல்லிய திரியும், மெல்லிய பந்தய வால்வுக்கு ஒரு அடாப்டரும் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். பாக்கெட்டில் ஒரு டியூபும். அதை மாட்டுவதற்கு முன் டயருக்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பார்க்கச் சொன்னேன். சீலன்ட் அடைத்து வைத்த பழைய முள்கள் ஏழெட்டு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்.