திறந்த நீர் நீச்சலும் நவீன நீச்சலுடைகளும்

கடல், ஏரி, ஆறு போன்ற இயற்கை நீர்நிலைகளில் நடைபெறும் நெடுந்தொலைவு நீச்சல் திறந்த நீர் நீச்சல் எனப்படுகிறது. 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 கி.மீ. திறந்த நீர் நீச்சல் முதன்முறையாக இடம்பெற்றது. நீச்சல் உலகையே கலக்கிய எல்.இசட்.ஆர். ரேசர் என்னும் நீச்சலுடை சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். நீச்சல் குளப் போட்டிகளில் அந்த உடை எழுப்பிய சர்ச்சை இரண்டே ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது. திறந்த நீரில் உடை பற்றிய வாதம் அதைவிடப் பழையது. அது இன்னும் ஓயவில்லை. குளத்தில் நீந்துபவருக்கு அடுத்த தடத்தில் இருப்பவர் எதிரி. கடலில் நீந்துபவருக்குக் குளிர், வெப்பம், உப்பு, இழுதுமீன் என எதிரிகள் பலர். ஓர் உடை இவற்றில் எதிலிருந்து காக்கலாம், எதிலிருந்து காக்கக் கூடாது என்பதே இங்குள்ள கேள்வி.

தொடக்க காலம்

1875 ஆகஸ்டில் ஆங்கிலேயரான கேப்டன் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடங்களில் நீந்திக் கடந்தார். துணைக் கருவிகள் எதுவுமின்றி அக்கால்வாயைக் கடந்த முதல் மனிதர் இவரே. அவர் அணிந்திருந்தது சிவப்புப் பட்டாலான ஒரு சிறு உடை. உடலில் கடற்பன்றி எண்ணெய் பூசியிருந்தார். வழியில் இழுதுமீன் கொட்டியும் நீச்சலை நிறுத்தவில்லை. பிற்காலத்தில் கால்வாய் நீச்சலுக்கு விதி வகுத்தவர்கள் வெப்பின் உடையையே மனத்தில் கொண்டிருந்தனர் எனலாம்.

ஆனால் உடையை மாற்றினால் நீச்சல் மாறும் என்பதையும் இதே கால்வாய்தான் முதலில் காட்டியது. 1925 இல் முயன்று தோல்வியுற்ற அமெரிக்கப் பெண் கெர்ட்ரூட் எடர்லி, அடுத்த ஆண்டு மேலும் கீழும் தனித்தனியான ஈருடுப்பு ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டார். கண்ணாடிக்குள் நீர் புகாதபடி அதன் விளிம்பை மெழுகால் அடைத்தார். 1926 ஆகஸ்ட் 6 அன்று பதினான்கரை மணி நேர அளவில் அவர் கரையேறியபோது, அதற்கு முன் கால்வாயைக் கடந்திருந்த ஐந்து ஆண்களில் மிக வேகமானவரைவிடவும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முந்தியிருந்தார். வெற்றி அவருடைய தோள்களுக்கே உரியது. எனினும் உராய்வையும் இழுவையையும் குறைக்க உடையைத் திட்டமிட்டு வெட்டிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். தொழில்நுட்ப உடை என்றதும் ஆய்வகத்தை மட்டுமே நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பாலியூரித்தேன் ஆண்டுகள்

2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலேயே உடல் முழுவதும் மூடும் உடைகள் வந்துவிட்டன. 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் வெளியிட்ட எல்.இசட்.ஆர். ரேசர் அவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. இதற்கான துணிகள் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்துக் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டன. தையலுக்குப் பதிலாக மீயொலியால் ஒட்டப்பட்ட இணைப்புகளும், உடலை இறுக்கிப் பிடிக்கும் பாலியூரித்தேன் பட்டைகளும் இதில் இருந்தன. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முறியடிக்கப்பட்ட 25 உலக சாதனைகளில் 23 இந்த உடையை அணிந்தவர்களுடையவை.

மறு ஆண்டே பிற நிறுவனங்கள் முழுவதும் பாலியூரித்தேனாலான உடைகளைக் கொண்டுவந்தன. 2009 இல் ரோம் உலக வாகையர் போட்டியில் 43 உலக சாதனைகள் வீழ்ந்தன. ஜெர்மனியின் பவுல் பீடர்மன் 200 மீ. போட்டியில் மைக்கேல் ஃபெல்ப்ஸை வென்றார், 400 மீ. போட்டியில் இயன் தோர்ப்பின் சாதனையை நூறில் ஒரு வினாடியில் முறியடித்தார். உடை தமக்கு உதவியதை பீடர்மனே மறைக்கவில்லை.

இவ்வுடைகள் செயல்படும் விதம் மூன்று. அவை தசைகளை இறுக்கி உடலின் குறுக்குப் பரப்பைக் குறைக்கின்றன; மேற்பரப்பு உராய்வைக் குறைக்கின்றன; நீரை உறிஞ்சாமல் சிறிதளவு மிதப்பையும் தருகின்றன. நீச்சல் குளத்தில், சுவரை உதைத்துத் திரும்பி நீருக்கடியில் வழுக்கிச் செல்லும் கணங்களில் முதல் இரண்டும் பெரிதும் பயன்படும். திறந்த நீரில் சுவரே இல்லை. அங்கே மதிப்புடையது மூன்றாவதுதான். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீந்திக் களைத்தவரின் இடுப்பும் கால்களும் தாழத் தொடங்கும். தாழ்ந்த உடல் நீரின் எதிர்ப்பை அதிகம் சந்திக்கும். கால்களைச் சற்றே உயர்த்திப் பிடிக்கும் ஓர் உடை, நல்ல மிதப்புள்ளவரைவிடக் கால் தாழும் இயல்புடையவருக்கே கூடுதலாக உதவும். ஆகவே எல்லாரும் ஒரே உடையை அணிந்தாலும் ஆதாயம் எல்லாருக்கும் ஒன்றல்ல. "அனைவருக்கும் கிடைக்கிறதே, பிறகென்ன?" என்ற வாதம் இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

இரு வேறு விதிகள்

பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பான ஃபினா, 2010 ஜனவரி 1 முதல் நீச்சல் குளப் போட்டிகளில் நெய்த துணி உடைகளை மட்டுமே அனுமதித்தது. ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் செல்லக் கூடாது. பெண்களின் உடை தோளைத் தாண்டவோ முழங்காலுக்குக் கீழ் இறங்கவோ கூடாது. துணியின் தடிமன், மிதப்பு, நீர் ஊடுருவும் தன்மை ஆகியவற்றுக்கும் எல்லை வகுக்கப்பட்டது.

திறந்த நீருக்கு அதே ஆண்டு ஜூன் முதல் வேறொரு விதி. கழுத்தை மூடக் கூடாது, தோளைத் தாண்டக் கூடாது. ஆனால் ஆண், பெண் இருபாலரும் கணுக்கால் வரை அணியலாம். குளத்தில் தடைசெய்யப்பட்ட முழுநீள உடைக்குக் கடலில் இடம் கிடைத்தது. உப்பு நீரில் மணிக்கணக்கில் நீந்துகையில் தோல் உராய்ந்து புண்ணாவதையும், இழுதுமீன்களையும் அறிந்தவர்களுக்கு இந்தச் சலுகை வியப்பளிக்காது.

வெப்பமும் குளிரும்

உடலை மூடுவதில் இன்னொரு பக்கமும் உண்டு. விரைந்து நீந்தும் உடல் பெருமளவு வெப்பத்தை உண்டாக்குகிறது. அது வெளியேற வழி சுற்றியுள்ள நீர்தான். நீரே வெதுவெதுப்பாக இருந்து, உடலும் மூடப்பட்டிருந்தால் வெப்பம் வெளியேறுவது கடினமாகிறது.

2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கி.மீ. உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்தார். அவருக்கு வயது 26. அவர் கரை சேரவில்லை என்பதைக் கவனித்த சக போட்டியாளர்களே மீண்டும் நீரில் இறங்கித் தேடினர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின்னரே உடல் கிடைத்தது. நீர் மிதமிஞ்சிய வெப்பத்துடன் இருந்ததாகப் போட்டியாளர்கள் கூறினர். பாதுகாப்புப் படகுகளின் பற்றாக்குறையும் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. இந்தச் சாவுக்கு உடையைக் காரணம் காட்ட முடியாது. எனினும் அதுவரை குறைந்தபட்ச வெப்பநிலையைப் பற்றியே கவலைப்பட்டுவந்த விளையாட்டு, இதன் பிறகே உச்ச வரம்பைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியது. ஃபினா 31° செல்சியசை வரம்பாக்கியது. அமெரிக்க நீச்சல் அமைப்பு அது போதாதெனக் கருதி 29.45° என வைத்துக்கொண்டது.

குளிரின் பக்கம் நியோப்ரீன் ஈர உடை உள்ளது. நியோப்ரீனில் உள்ள நுண்ணிய வாயுக் குமிழ்கள் வெப்பத்தைக் காப்பதோடு உடலை நன்றாகவே மிதக்கவும் செய்கின்றன. 1980களிலிருந்து டிரையத்லான் வீரர்கள் இதை விரும்பி அணிந்துவந்தபோதும் திறந்த நீர் நீச்சல் வீரர்கள் அதை ஏளனமாகவே பார்த்தனர். 2017 இல் ஃபினா விதியை மாற்றியது: நீர் 18°க்குக் கீழ் இருந்தால் ஈர உடை கட்டாயம்; 18° முதல் 20° வரை விருப்பம். மிதப்புக்காகப் பாலியூரித்தேனை விரட்டிய அதே அமைப்பு, அதைவிடப் பன்மடங்கு மிதப்பு தரும் உடையைப் பாதுகாப்பின் பெயரால் கட்டாயமாக்கியது. குளிரைத் தாங்கப் பல ஆண்டுகள் உடலைப் பழக்கியவர்கள் தங்கள் உழைப்பின் பயனை இதனால் இழந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் உயிரைப் பணயம் வைக்கும்படி ஒரு போட்டி அமைப்பு வீரர்களைக் கேட்க முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

கால்வாயின் பிடிவாதம்

இந்த மாற்றங்கள் எதுவும் ஆங்கிலக் கால்வாயைத் தொடவில்லை. 1927 இல் தோன்றிய கால்வாய் நீச்சல் சங்கத்தின் விதிப்படி உடைக்குக் கையும் கூடாது, காலும் கூடாது. வெப்பக் காப்போ மிதப்போ தரக் கூடாது. ஒரு தொப்பியும் கண்ணாடியும் அணியலாம், கொழுப்பு பூசிக்கொள்ளலாம். பல்கேரியாவின் பெத்தர் ஸ்டொய்ச்செவ் 2007 இல் முதன்முறையாக ஏழு மணி நேரத்துக்குள் (6 மணி 57 நிமிடங்கள்) கடந்தார். ஆஸ்திரேலியாவின் டிரென்ட் கிரிம்சி 2012 இல் 6 மணி 55 நிமிடங்களிலும், ஜெர்மனியின் ஆன்ட்ரியாஸ் வாஷ்பர்கர் 2023 இல் 6 மணி 45 நிமிடங்களிலும் கடந்தனர். வெப்பின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிய இந்த முன்னேற்றம் மூட்டுக்கு மேலேயே நின்றுவிடும் உடையில் கிடைத்தது. பயிற்சியும் நீரோட்டக் கணிப்பும் துணைப்படகோட்டியின் அனுபவமும்தான் இதற்குக் காரணங்கள்.

உடைப் பிடிவாதத்துக்கு வந்த மிகக் கடுமையான சோதனை கியூபாவிலிருந்து புளோரிடா வரையிலான கடல். பெட்டி இழுதுமீன்கள் நிறைந்த அந்நீரில் டயானா நையாட்டின் முந்தைய முயற்சிகள் கொடுக்குகளால் குலைந்தன. 2013 ஜூனில் ஆஸ்திரேலியாவின் குளோயி மெக்கார்டல் மரபான உடையில் இறங்கி, ஏறத்தாழ பதினொரு மணி நேரத்தில் இழுதுமீன் கொட்டி வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 64 வயதான நையாட், இரவு வேளைகளில் உடல் முழுவதும் மூடும் மெல்லிய உடையும் முகத்துக்குச் சிலிக்கோன் முகமூடியும் அணிந்து, ஏறத்தாழ 53 மணி நேரத்தில் புளோரிடாவை அடைந்தார். அந்த உடை மிதப்பு தருவதற்கானதல்ல; முகமூடியோ நீந்துவதைக் கடினமாக்கியது. எனினும் நெடுந்தொலைவு நீச்சல் வீரர்கள் பலர் அதைத் துணையற்ற நீச்சலாக ஏற்க மறுத்தனர். உடையை அணிவிக்கும்போது உதவியாளர்கள் அவரைத் தொட்டார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

2014 இல் மாரத்தான் நீச்சல் வீரர் கூட்டமைப்பு தனக்கென ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டது. துணையற்ற நீச்சலுக்கு நீர் ஊடுருவும் நெய்த துணியாலான ஒற்றை உடை மட்டுமே அதில் ஏற்கப்பட்டது. ஆனால் கால்வாய்ச் சங்கம் மறுத்த முழங்கால் நீளத்துக்கு அது இடமளித்தது.